கொடுத்த இரத்தத்தைத் திரும்ப எடுத்த நாள்

1. இரண்டாம் போத்தல்

இரண்டாம் போத்தலில் கால்பங்கு இறங்கியிருந்தபோது பாக்கியம் எழுந்து உட்கார்ந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. இரத்தம் ஏறிக்கொண்டிருந்த கையைப் பொருட்படுத்தாமல், மற்றக் கையால் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். ஒவ்வோர் இழுப்பிலும் நெஞ்சுக்குள் நீர் கொதிப்பது போன்ற ஓசை கேட்டது. இருமியபோது வாயைத் துடைத்த துவாயில் இளஞ்சிவப்பு நுரை படிந்தது. அப்போது முற்பகல் பதினொரு மணி. வார்டில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அறுபதுகளின் பின்பாதி அது. பதுளை மாவட்டத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் பெண்கள் வார்டுக்குப் பொறுப்பான மருத்துவனாக இருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே தேவையில்லை, தவறு என்னுடையது.

இதயத்தின் உள்ளே நடப்பதைத் திரையில் பார்க்கத் தொடங்கியிருக்கும் இளம் மருத்துவர்கள், அந்த வசதி இல்லாத காலத்தில் எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று என்னைக் கேட்பதுண்டு. சில வேளைகளில் தெரிந்துகொள்ளவில்லை என்பதே நேர்மையான பதில். இந்தக் குறிப்பு அத்தகைய ஒரு வேளையைப் பற்றியது.

2. முந்திய நாள் போட்ட கணக்கு

பாக்கியத்துக்கு இருபத்தாறு வயது. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். முந்திய நாள் தோட்டத்து லொறியில், கணவர் பெருமாளும் பெருமாளின் அக்கா ஞானம்மாவும் அவரைக் கொண்டுவந்தார்கள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கொடுத்தனுப்பிய கடிதம் மூன்றே வரி: மூச்சு வாங்குகிறது, உடல் வெளிறியிருக்கிறது, சனிக்கிழமை வரை முழுப்பேர்.

கடைசிச் சொல்லை விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. விதித்த எடைக்குக் கொழுந்து எடுத்தவருக்கு முழுப்பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். டிஸ்பென்சர்கள் இதைக் கடிதத்தில் குறிப்பிடுவது வழக்கம். நாங்களும் அதை நாடித்துடிப்புக்கு நிகரான ஒரு தகவலாக எடுத்துக்கொள்வோம். செங்குத்தான மலையில், தலையில் கயிற்றை மாட்டிக் கூடையை முதுகில் சுமந்து, நாள் முழுவதும் ஏறி இறங்கும் வேலை அது. சனிக்கிழமை வரை முழுப்பேர் வாங்கிய ஒருவரின் இதயத்தைப் பற்றிச் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் தாள் போலிருந்தது. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டைகள் இருந்தன. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆறு கிராமுக்கும் குறைவு. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது ஒரு மர்மர், அதாவது துடிப்புகளுக்கிடையே ஓர் இரைச்சல், கேட்டது. தோட்டப் பகுதியில் வேலை செய்த எங்களுக்கு அது புதிதல்ல. இரத்தம் நீர்த்துப் போனால் வேகமாக ஓடும். வேகமாக ஓடும்போது இரையும். இரத்தம் தேறியதும் இரைச்சல் தானே நின்றுவிடும். வாரத்தில் பத்துப் பேரிடமாவது அதைக் கேட்போம். "இரத்தசோகை மர்மர்" என்று எழுதிவிட்டு, இரண்டு போத்தல் இரத்தம் ஏற்றும்படி குறித்தேன்.

பெருமாளின் இரத்தம் பொருந்தியது. ஒரு போத்தல் அவருடையது. மற்றது இரத்த வங்கியிலிருந்து வந்தது. மறுநாள் காலையில் இரத்தம் கொடுக்கக் கையை நீட்டிப் படுத்திருந்த பெருமாள் என்னிடம் கேட்டார்:

"டொக்டர் ஐயா, இப்ப எடுக்கிறது திரும்ப ஊற எத்தன நாளுங்க செல்லும்?"

"தண்ணி ரெண்டு நாளில ஊறிவிடும். சிவப்புக்கு ஒண்டரை மாசம், ரெண்டு மாசம்."

"அப்ப ரெண்டு மாசத்துக்கு நான் வெறும் தண்ணியாங்க?"

இரத்தம் எடுத்துக்கொண்டிருந்த உதவியாளர் சிரித்துவிட்டார். பெருமாள் சிரிக்கவில்லை, அவருக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. கொஞ்சம்தான் குறையும், வேலைக்குப் போகலாம் என்று சொன்னேன். "கொஞ்சம்னா எம்புட்டுங்க?" என்று கேட்டார். எனக்கு வேறு வேலை இருந்தது.

3. எதிர்த்திசை

நுரையைக் கண்டதும் எனக்குப் புரிந்தது. நுரையீரலுக்குள் நீர் கோத்துவிட்டது. இரத்தம் குறைந்தவருக்கு இரத்தம் கொடுத்திருக்கிறேன். அவருடைய இதயத்தால் அதை முன்னே தள்ள முடியவில்லை.

போத்தலை நிறுத்தினேன். கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைத்து, கால்கள் இரண்டையும் தொங்கவிடச் செய்தோம். ஒட்சிசன், மோர்ஃபின், சிறுநீரைப் பிரிக்கும் 'மெர்சலில்' என்ற ஊசி. அந்த ஊசி வேலை செய்ய மணிக்கணக்காகும். விரைவில் நீரை இறக்கும் புதிய மருந்து எங்கள் அலுமாரிக்கு இன்னும் வந்திருக்கவில்லை. ஆகவே வார்டு சிஸ்டர், கைகால் நான்கில் மூன்றைப் பட்டியாலும் ரப்பர் குழாயாலும் இறுக்கிக் கட்டினார். கால்மணிக்கு ஒருமுறை ஒன்றை அவிழ்த்து, விடுபட்டிருந்ததைக் கட்ட வேண்டும். திரும்பி வரும் இரத்தத்தைக் கைகால்களிலேயே சிறிது நேரம் தேக்கி வைத்தால் இதயத்துக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஒரு சுற்றுக் கட்டி முடிந்தது. பாக்கியத்தின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

எஞ்சியிருந்தது ஒரே வழி. காலையில் எந்தக் கையில் இரத்தம் ஏற்றினேனோ அதற்கு மற்றக் கையில் பெரிய ஊசியைச் செலுத்தி, வெற்றுப் போத்தல் ஒன்றில் இரத்தத்தை இறக்கினேன். சோகை பிடித்த பெண்ணிடமிருந்து இரத்தம் எடுக்கும் மருத்துவனை சிஸ்டர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

கேட்டவர் வாசலில் நின்ற பெருமாள்.

"ஏங்க எடுக்கிறீங்க? காலையில நான் குடுத்ததுதானங்க அது?"

"ஓம். பிறகு சொல்லுறன். இப்ப வெளியில நில்லுங்கோ."

அவர் வெளியே போனார். முக்கால் போத்தல் நிறைந்தபோது கொதிப்பு ஓசை தணிந்தது. பாக்கியம் முதன்முறையாக வாயை மூடி மூச்சுவிட்டார். ஊசியை உருவினேன். பஞ்சை சிஸ்டர் வாங்கி அழுத்திக்கொண்டார்.

இரண்டு மணியளவில் பாக்கியம் சாய்ந்து படுக்கக்கூடியவரானார். முதல் நாள் செய்யாத ஒன்றை அப்போது செய்தேன். அவரை இடப்பக்கமாகத் திருப்பி, ஸ்டெதஸ்கோப்பின் தட்டையான பக்கத்தை விடுத்துக் குழிந்த பக்கத்தை முலைக்குக் கீழே மெதுவாக வைத்தேன். வெகு தொலைவில் பாரம் ஏற்றிய லொறி ஒன்று மேடேறுவது போன்ற ஓசை கேட்டது. இதயத்தின் இடப்பக்கத்து மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. அந்த வால்வைச் சுருக்குவது பெரும்பாலும் சிறுவயதில் வரும் மூட்டுவாதக் காய்ச்சல். சிறுவயதில் காய்ச்சலோடு முழங்கால் வீங்கியதுண்டா என்று கேட்டேன். "பத்து வயசுல, ஒரு மாசம் நடக்கலங்க" என்றார்.

4. நாலு காம்பரா

பெருமாளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வார்டு வராந்தாவின் வாங்குப் பலகையில் அவரும் ஞானம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். காய்ச்சல் சார்ட் ஒன்றின் பின்பக்கத்தில் இதயத்தை வரைந்தேன்.

"இதுக்குள்ள நாலு அறை."

"நாலு காம்பரா" என்று, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வழக்கில் திருத்திக்கொண்டார் பெருமாள். "வரிசையாங்களா, மேல கீழங்களா?"

"மேல ரெண்டு, கீழ ரெண்டு. மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குக் கதவு இருக்கு. ஒரு பக்கந்தான் திறக்கும். வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் நடுவில சுவர், அதில கதவில்லை."

அவர் விரலால் நடுச்சுவரைத் தொட்டுக் காட்டினார்.

"கதவில்லாட்டி இந்தப் பக்கத்து ரத்தம் அந்தப் பக்கம் எப்படிங்க போறது?"

மருத்துவக் கல்லூரியில் எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை. விடையை முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நுரையீரலாகிய சுவாசப்பை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும் என்றேன். உடம்பிலிருந்து வரும் கரிய இரத்தம் வலப்பக்கத்துக்கு வருகிறது. வலப்பக்கம் அதைச் சுவாசப்பைக்குத் தள்ளுகிறது. அங்கே காற்றுப் பட்டுச் சிவந்து இடப்பக்க மேலறைக்கு இறங்குகிறது. கதவைக் கடந்து கீழறைக்குப் போய், அங்கிருந்து தலைமுதல் கால்வரை போகிறது. போனது திரும்ப வலப்பக்கத்துக்கே வருகிறது.

பெருமாள் தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். மலைச்சரிவில் மழைநீர் வடியும் வாய்க்கால்களை ஆண்டு முழுவதும் வெட்டித் துப்புரவாக்குவது அவர் வேலை. அவருக்கு ஓரிடத்தில் இடித்தது.

"கான் தண்ணி ஆத்துக்குப் போயிருச்சுன்னா போனதுதானுங்க. காலுக்கு எறங்கின ரத்தம் மேட்டுல எப்படிங்க ஏறி வரும்?"

உள்ளே போய் ரப்பர் குழாயை எடுத்துவந்து அவருடைய முழங்கைக்கு மேலே கட்டினேன். மண்வெட்டி பிடித்த கை. நாளங்கள் கயிறு கயிறாகப் புடைத்தன. நடுவே சிறு முடிச்சுகள் தெரிந்தன. ஒரு நாளத்தின் கீழ்முனையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்ற விரலால் முடிச்சு வரை மேல்நோக்கி வழித்தேன். வழித்த பகுதி பள்ளமாகி வெறுமையாகக் கிடந்தது. மேல் விரலை எடுத்த பின்பும் மேலிருந்த இரத்தம் கீழே வரவில்லை. கீழ் விரலை எடுத்தேன், கணத்தில் நிரம்பிற்று. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கில மருத்துவர் இரத்தம் சுற்றி வருகிறது என்று காட்டக் கையாண்ட பரிசோதனை இது. கருவி எதுவும் வேண்டியதில்லை.

"முடிச்சு இருக்கிற இடத்தில ஒரு கதவு. மேல போகவிடும், கீழ விடாது. நீங்கள் நடக்கேக்க, கையை அசைக்கேக்க, தசை பிதுக்கி மேல அனுப்பும்."

அவர் தாமாகவே மூன்று முறை செய்து பார்த்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்தார். "விடுடா, ஆஸ்பத்திரியில வந்து வெளையாடிக்கிட்டு" என்று ஞானம்மா கையை இழுத்துக்கொண்டார்.

"ஒரு சுத்து வர எம்புட்டு நேரமாகுங்க?"

"ஒரு நிமிசம்."

நம்பவில்லை. வராந்தாச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதன் வினாடி முள் ஒரு முழுச்சுற்று வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஒருவாட்டி வந்திருச்சுங்களா?"

"வந்திட்டுது."

"அப்ப நீங்க எடுத்தது என்னோட ரத்தமா, அவளோடதாங்க?"

"பிரிக்க ஏலாது. ஏத்தின கொஞ்ச நேரத்தில ரெண்டும் ஒண்டாகிவிடும்."

அவர் தலையசைத்தார். தாளை எடுத்து, இடப்பக்கத்துக் கதவில் விரலை வைத்தார். "இதுதான் அடைச்சிருக்கா?"

"அடைக்கேல்லை. சுருங்கியிருக்கு. ரெண்டு விரல் போற கதவில ஒரு பென்சில் போற அளவுக்குத்தான் இடமிருக்கு. நான் மேல மேல ஊத்தினன். கீழ போக வழியில்லாமல் சுவாசப்பையில தேங்கிட்டுது."

"நேத்தே பாத்திருந்தா தெரிஞ்சிருக்குங்களா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்ப ஏங்க பாக்கல?"

கேட்ட குரலில் கோபம் இல்லை. காலிலிருந்து இரத்தம் மேட்டில் ஏறுவதைப் பற்றிக் கேட்ட அதே குரல். ஒரு பெண்ணின் உயிர் அன்று பகல் என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. அதற்கான காரணத்தை அவளுடைய கணவர் கேட்கிறார். பதிலைத் தவிர்க்க வழிகள் இருந்தன. தவிர்க்கவில்லை.

"சனிக்கிழமை வரை முழுப்பேர் எண்டு கடிதத்தில இருந்தது. இப்பிடிக் கதவு சுருங்கின ஆளால அந்த மலையில கூடையோட ஏற ஏலாது. அதனால இதயத்தில பிழையில்லை எண்டு நினைச்சன்."

5. யார் பறித்த கொழுந்து

ஞானம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பெருமாள் திரும்பிப் பார்த்தார்.

"என்னக்கா?"

"அவ எங்கடா எடுத்தா. நாங்கதான் போட்டோம்."

அவர் சொன்னது இது. பாக்கியத்தைப் பள்ளத்துத் தேயிலை நிரையில் நிறுத்துவார்கள். மேட்டு நிரையை ஞானம்மா தம்முடையதோடு சேர்த்து எடுத்துக்கொள்வார். பக்கத்து நிரைகளில் நிற்கும் நான்கைந்து பெண்கள், கங்காணி அந்தப் பக்கம் திரும்பியதும், ஆளுக்கொரு பிடி கொழுந்தைப் பாக்கியத்தின் கூடையில் போடுவார்கள். நிறுவைக்குப் போகும்போது கூடையை ஒருத்தி திருப்பம் வரை சுமந்து வருவாள். தராசுக்காரர் கண்ணில் படும் இருபது அடியை மட்டும் பாக்கியம் சுமப்பார்.

"எவ்வளவு காலமா?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டு வருசமிருக்குங்க. நெஞ்சுல கோளாறுன்னு தெரிஞ்சா வேலையாளுங்க பேரு எழுதுற செக்ரோல்ல வெட்டிருவாங்க. பேரு இல்லாட்டி காம்பரா ஏதுங்க?"

"எனக்கு ஏன்க்கா சொல்லல?" பெருமாளின் குரல் அப்போதுதான் மாறியது.

"சொன்னா நீ அவள வேலைக்கு விட்டிருப்பியாடா?"

பெருமாள் தாளைக் கீழே வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "படுக்க மாட்டாளுங்க. செவுத்துல சாஞ்சுதான் தூங்குவா. அடுப்புப் பொகைக்குன்னு நெனச்சேன்."

6. பெரிய டொக்டர்

என் மேலதிகாரி யாழ்ப்பாணத்தவர், நானும் அப்படியே. மாலையில் அவரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பாக்கியத்தின் நெஞ்சில் தாமே கேட்டுவிட்டு, வராந்தாவுக்கு வந்து என் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டுக் காட்டினார்.

"இதுக்கு ரெண்டு பக்கம் இருக்கு, தெரியுமோ?"

"தெரியும் சேர்."

"மற்றப் பக்கத்தைச் சும்மா வடிவுக்கோ வைச்சிருக்கிறீர்?"

அவர் சற்று நடந்துவிட்டுத் திரும்பினார். "நானெண்டாலும் முழுப்பேரைப் பார்த்து ஏமாந்திருப்பன். அதுக்காக உம்மை விடேலாது. கொழும்புக்குக் கடிதம் எழுதும். தோட்டத்துத் துரைக்கும் எழுதும். பேரை வெட்டினால் நான் நேரில வருவன் எண்டு எழுதும்."

இரண்டு கடிதங்களையும் எழுதினேன். ஓய்வு, இரும்புச்சத்து, புழு மருந்து, டிஜொக்சின் ஆகியவற்றால் இரத்தம் ஓரளவு தேறியபின் பாக்கியம் ரயிலில் கொழும்புக்குப் போனார். அங்கே ஓர் அறுவை மருத்துவர், துடித்துக்கொண்டிருந்த இதயத்தின் மேலறைக்குள் தம் ஆட்காட்டி விரலை விட்டு, சுருங்கிய கதவை விலக்கித் திறந்தார். அக்காலத்து முறை அது. மருத்துவரும் கண்ணால் காண்பதில்லை, விரல்தான் அறியும்.

இரண்டு மாதத்தின் பின் கிளினிக்குக்கு வந்த பாக்கியம் வாசற்படிகளை நிற்காமல் ஏறினார். தோட்டத்தில் அவருக்குத் தேயிலை ஸ்டோரில் உட்கார்ந்து குச்சி பொறுக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். உடன் வந்த பெருமாள், லயத்தில் எல்லோருடைய கையிலும் நாளத்தை வழித்துக் காட்டிவிட்டதாகவும், கங்காணி மட்டும் கை கொடுக்க மறுத்ததாகவும் சொன்னார். சில ஆண்டுகளில் அவர்கள் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அதன்பின் தகவல் இல்லை.

7. ஒரு கேள்வி

எண்பதுகளில் ஓய்வு பெறும்வரை, மூச்சு வாங்குகிறது என்று வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டேன். கொழுந்து பறிப்பவரிடம், "உங்கட கூடையில வேற ஆர் கொழுந்து போடுறது?" என்பேன். முதலில் மறுப்பார்கள். உடன் வந்த பெண்ணைத் தனியே அழைத்துக் கேட்டால் உண்மை வரும். அந்தக் கேள்வியால் எத்தனை சுருங்கிய வால்வுகளைக் கண்டுபிடித்தேன் என்று எண்ணிவைக்கவில்லை. குறைவல்ல.

என் மனைவி சென்ற ஆண்டு காலமானார். இதய நோய். கண்டறிந்து பதினொரு நாள்.

எங்கள் வீடு பண்டாரவளையில், சரிவில் இருக்கிறது. பூச்செடிகள் மேல்தட்டில், ஏறிப்போக முப்பத்திரண்டு படிகள். ஒவ்வொரு காலையும் சுவாமி அறையில் புதுப்பூ இருக்கும். நான் அதைப் பார்ப்பேன். மனைவி வழக்கம்போல் ஏறி இறங்கியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தபின், வீட்டு வேலைக்கு உதவியாக வரும் ராணியிடம், நாளையிலிருந்து பூப் பறிக்க வேறு ஒழுங்கு செய்ய வேண்டும் என்று சொன்னேன். அவர் சிறிது தயங்கினார்.

"நான்தாங்க பறிக்கிறது. ஒன்றரை வருசமாச்சு. அம்மாவுக்குப் படி ஏறினா மூச்சு வாங்கும். ஐயாவுக்குச் சொல்ல வேணாம்னாங்க."

அந்த ஒன்றரை வருடமும் ஸ்டெதஸ்கோப் அடுத்த அறையில், மேசை இழுப்பறையில் இருந்தது.

இதை வாசிக்கும் இளம் மருத்துவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. நோயாளியை இடப்பக்கம் திருப்புங்கள், குழிந்த பக்கத்தால் கேளுங்கள், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நேற்று என்னென்ன செய்தார் என்று கேட்டபின், அவற்றில் எதை வேறொருவர் அவருக்காகச் செய்தார் என்றும் கேளுங்கள். இன்று பணி முடிந்து வீட்டுக்குப் போனதும், அங்கேயும் ஒருமுறை கேளுங்கள்.